4 லட்சம் வியூஸ், 11 டிக்கெட்

வெள்ளிக்கிழமை மதியம் 2.30 மணிக் காட்சி. ஊட்டியில் ஒரு தியேட்டரின் டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். படம் போட்டுப் பத்து நிமிடம் ஆன பிறகும் 11 பேர்தான். அதிலும் மூன்று பேர் எங்கள் படத்தில் வேலை பார்த்தவர்களின் வீட்டு ஆட்கள். அதே நேரம் என் போனில், நாலு நாள் முன்னால் நான் போட்ட ரீல் ஒன்று 4 லட்சம் வியூஸைத் தாண்டியிருந்தது. காலையிலிருந்து அந்த எண் ஏறுவதைப் பார்த்துப் பார்த்து, முதல் காட்சிக்குப் பாதி தியேட்டராவது நிறையும் என்று நம்பியிருந்தேன்.

அந்த 4 லட்சத்துக்கும் 11-க்கும் நடுவில் எதைத் தவறவிட்டோம், பிறகு எப்படி அதே படம் மூன்று வாரம் ஓடியது என்பதை எழுதி வைக்கிறேன். சின்னப் படம் ஒன்றை எடுத்து முடித்துவிட்டு, விளம்பரத்துக்குக் காசில்லாமல் இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் நம்பி நிற்கிறவர்களுக்கு இதில் ஏதாவது உதவும்.

நான் குன்னூரில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். படத்தை இயக்கிய அண்ணன் கோத்தகிரிப் பக்கத்துக்காரர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா, கோவையில் கல்லூரிக்குப் போக நினைக்கும் மகள், இருவரும் ஏறிய கடைசி பஸ் மலைப்பாதையில் பழுதாகி நிற்கும் ஒரு ராத்திரி. இவ்வளவுதான் கதை. 1 மணி 42 நிமிடப் படம். நடித்தவர்களில் பாதிப் பேர் கேமராவையே முன்னால் பார்த்திராதவர்கள். எடிட்டிங் முடிகிற நேரத்தில் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "இன்ஸ்டா, யூடியூப் எல்லாத்தையும் நீதாம்மா பார்த்துக்கணும்" என்றார். விளம்பரத்துக்கு ஒதுக்கியது மொத்தம் 40,000 ரூபாய். ரிலீஸுக்கு ஆறு வாரம் இருந்தது.

என்னை ஷூட்டிங் தொடங்கும்போதே கூப்பிட்டிருக்க வேண்டும். படம் அகலவாட்டத்தில் எடுத்தது. ரீல்ஸுக்கு வேண்டியது செங்குத்து. அகலமான ஷாட்டை நடுவில் வெட்டினால் ஒரு பக்கம் அம்மா போய்விடுவார், மறுபக்கம் மகள் போய்விடுவாள். படப்பிடிப்பில் ஒரே ஒரு ஆளிடம் போனைக் கொடுத்து, தினமும் பத்து நிமிடம் செங்குத்தாக எடுத்து வைக்கச் சொல்லியிருந்தால் இரண்டு மாதத்துக்கு வேண்டிய வீடியோ கையில் இருந்திருக்கும். எங்களிடம் இருந்தது ஒளிப்பதிவு உதவியாளர் தன் ஆசைக்கு எடுத்த 23 துண்டுகள் மட்டும். அந்த 23 துண்டுகள்தான் கடைசியில் எங்களைக் காப்பாற்றின.

சரி, அந்த ரீல். கோடநாடு போகும் வழியில் அதிகாலையில் எடுத்த ஷாட். பனிமூட்டத்துக்குள்ளிருந்து பஸ்ஸின் இரண்டு மஞ்சள் விளக்குகள் மட்டும் முதலில் தெரியும், பிறகு பஸ் முழுசாக வெளியே வரும். அந்த வாரம் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டை அதற்குப் பின்னணியாக வைத்தேன். படத்தின் பெயர் கடைசி ஒரு விநாடியில் வரும். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தபோது 60,000 பேர் பார்த்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்து, முதல் தடவையாக அந்த ரீலின் இன்சைட்ஸை, அதாவது யார், எந்த ஊரிலிருந்து, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்கை, நிதானமாகத் திறந்து பார்த்தேன். பார்த்தவர்கள் பெங்களூரு, சென்னை, கொச்சி, ஹைதராபாத். ஊட்டியும் குன்னூரும் பட்டியலிலேயே இல்லை. பாதிப் பேருக்கு மேல் கடைசி விநாடி வரை பார்க்கவே இல்லை. அதாவது, படத்தின் பெயரே அவர்கள் கண்ணில் படவில்லை. கமென்ட் முழுக்க "லொக்கேஷன் எங்கே?", "இந்த சீசன்ல போகலாமா?", "ரூம் என்ன ரேட்?" என்று இருந்தது. அந்த ரீல் மலைக்கு விளம்பரமாகிவிட்டது. எங்கள் படம் ஓடியதோ ஊட்டியில் ஒரு காட்சி, கோவையில் ஒரு காட்சி. டிக்கெட் வாங்கக்கூடியவர்கள் இந்த இரண்டு ஊரையும் சுற்றி இருக்கிறவர்கள்தான். பெங்களூரில் இருப்பவருக்குப் பிடித்து என்ன செய்ய? அவர் ஊரில் படமே ஓடவில்லையே.

இன்னொரு விஷயமும் அதில் இருந்தது. அந்தப் பாட்டு எங்களுடையது இல்லை. இதே வீடியோவை யூடியூபில் போட்டதும் காப்புரிமை உரிமைகோரல் வந்து நின்றது. எங்கள் படத்துக்கு இசையமைத்த பையன் அருமையாக ஒரு புல்லாங்குழல் துண்டு போட்டிருந்தான். அதைத்தான் முதல் நாளிலிருந்து ஒவ்வொரு வீடியோவிலும் வைத்திருக்க வேண்டும். பத்து தடவை காதில் விழுந்தால் அந்த இசையே படத்தின் அடையாளம் ஆகிவிடும். அடுத்தவர் பாட்டுக்கு வந்த கூட்டம் அந்தப் பாட்டோடு போய்விடுகிறது.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் வேறொன்றைச் சொன்னார். அப்பா இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1960-ல் மத்திய அரசு தொடங்கிய கம்பெனி. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் ஒரு காலத்தில் இங்கிருந்துதான் நாடு முழுக்கப் போயின. வெளிச்சம் பட்டால் ஃபிலிம் வீணாகிவிடும் என்பதால் இருட்டுக்குள் கையால் தடவித் தடவியே வேலை செய்து பழகியவர் அவர். இன்றைக்கும் வீட்டில் கரண்ட் போனால் மெழுகுவர்த்தி தேடாமல் நேராக நடந்து போவார். எங்கள் டிரெய்லரைக் காட்டினேன். 2 நிமிடம் 50 விநாடி. பார்த்துவிட்டு, "டப்பாவைத் திறந்துட்டீங்களே பாப்பா, வெளிச்சம் பட்டுடுச்சே" என்றார். பஸ் நிற்பது, அம்மா அழுவது, மகள் என்ன முடிவெடுக்கிறாள் என்பது வரை டிரெய்லரில் இருந்தது. அதற்கு மேல் தியேட்டருக்கு எதற்கு வர வேண்டும்?

அன்று ராத்திரியே உட்கார்ந்து டிரெய்லரை 1 நிமிடம் 10 விநாடிக்கு வெட்டினேன். பஸ் நிற்கிற இடத்தோடு முடித்தேன். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தியேட்டர் திரையில் போடுகிற டிரெய்லருக்கும் சென்சார் சான்றிதழ் வேண்டும். நாங்கள் வாங்கியிருந்தது பழைய வெட்டுக்கு. அதனால் புதியது ஆன்லைனில் மட்டும் போனது, தியேட்டரில் பழையதே ஓடியது. டிரெய்லரை எத்தனை நீளம், எங்கே முடிப்பது என்பதைச் சான்றிதழுக்கு அனுப்புவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

ஆனால் நிலைமையை மாற்றியது இதெல்லாம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை மாலை ஊட்டியிலிருந்து குன்னூர் பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா பேசிய பேச்சு. தெரிந்தவர்தான், அவர் மகள் கல்யாண வீடியோவை நான்தான் எடிட் செய்தேன். படம் ரிலீஸ் ஆகியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. மகன் போனில் காட்டினானாம். "பார்க்கணும்னுதான் இருக்கு கண்ணு. ஆனா படம் விட்டு வந்தா எங்க ஊருக்கு பஸ் இருக்குமா? எத்தனை மணிக்கு விடுவாங்கன்னே தெரியலையே" என்றார்.

கடைசி பஸ்ஸைப் பற்றிப் படம் எடுத்திருக்கிறோம். பார்க்க வருகிறவர் எந்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்புவார் என்று எங்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. எங்கள் போஸ்டர்களில் காட்சி நேரம் இருந்தது. படம் எத்தனை மணிக்கு முடியும் என்பது எதிலுமே இல்லை. கீழ்நாட்டில் இது பெரிய விஷயம் இல்லை. இங்கே அப்படியில்லை. மலைக்கிராமத்துக்கு ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. ஜீப் பிடித்தால் டிக்கெட் காசைப் போல மூன்று மடங்கு போய்விடும். வழியில் காட்டெருமை நிற்கும், கரடி வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு பெண் ஊர் போய்ச் சேர்வது என்பது நாலு பேரிடம் கேட்டு முடிவு செய்கிற காரியம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டைம் கீப்பரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவரே நோட்டைத் திருப்பி வைத்து எழுதிக்கொள்ளச் சொன்னார். மஞ்சூர், எமரால்டு, இத்தலார், நஞ்சநாடு, தும்மனட்டி, கூக்கல், எப்பநாடு, கோத்தகிரி, குன்னூர். படம் 4.25-க்கு முடிகிறது. தியேட்டரிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க ஒரு கால் மணி நேரம் வைத்துக்கொண்டு, 4.40-லிருந்து 6.30 வரை ஒவ்வொரு ஊருக்கும் என்ன பஸ் இருக்கிறது என்று குறித்தேன். ஒரு டீக்கடையில் உட்கார்ந்து போனிலேயே ஒரு அறிவிப்புப் படம் செய்தேன். மேலே "படம் 4.25-க்கு முடியும். அப்புறம் உங்க ஊருக்கு பஸ்:" என்று பெரிய எழுத்தில். கீழே ஊரும் நேரமும். படத்தின் பெயர், தியேட்டர் பெயர், டிக்கெட் விலை எல்லாம் அதற்கும் கீழே. டிசைன் என்று சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. கண்ணாடி போடாத அம்மா ஒருவர் கையை நீட்டிப் பிடித்துப் படிக்க முடிகிறதா என்று டீக்கடைக்கார அம்மாவிடமே காட்டிச் சரிபார்த்தேன். முதல் தடவை அவரால் படிக்க முடியவில்லை. எழுத்தைப் பெரிதாக்கி, ஒன்றை இரண்டு படமாகப் பிரித்தேன்.

இன்ஸ்டாகிராமில் அதற்குக் கிடைத்த லைக் 70. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு ஊர் குரூப்பிலும் அது சுற்ற ஆரம்பித்தது. பெண்களுக்குக் கட்டணமில்லா பஸ் 2024-ல் மலைப்பகுதிக்கும் வந்துவிட்டதால் செலவு என்று பார்த்தால் டிக்கெட் மட்டும்தான் என்று யாரோ ஒரு குரூப்பில் எழுதியிருந்தார்கள். எனக்கு அதுகூடத் தோன்றவில்லை. அன்று மதியம் 38 பேர். ஞாயிற்றுக்கிழமை மதியம் 146 பேர். கவுண்டரில் நின்றவர்களில் நிறையப் பேர் போனில் அந்த பஸ் நேரப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். தியேட்டர் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டார். திங்கட்கிழமை எடுத்துவிடலாம் என்று இருந்தவர் அடுத்த வியாழன் வரை வைத்துக்கொள்கிறேன் என்றார்.

ஞாயிறு கூட்டத்துக்கு அந்த பஸ் நேரப் படம் பாதிக் காரணம். மீதிப் பாதி ஒரு பாட்டியின் 40 விநாடி வாய்ஸ் மெசேஜ்.

படத்தில் பஸ்ஸின் பின் சீட்டில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே கதை சொல்கிற பாட்டியாக நடித்தவர் நிஜத்திலும் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். 1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் போட்ட பிறகு இலங்கையின் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. சின்ன வயதில் தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்து மண்டபம் முகாமில் இருந்துவிட்டு மலையேறியவர். அவருக்குக் கோத்தகிரியில் சொந்தம், கூடலூரில் சொந்தம், இன்னும் இலங்கையில் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சொந்தம். எல்லோரையும் இன்றைக்கு இணைத்து வைத்திருப்பது வாட்ஸ்அப்தான். கல்யாணம், சாவு, திருவிழா எல்லாச் செய்தியும் வாய்ஸ் மெசேஜாகத்தான் போகும், வரும். டைப் செய்கிற பழக்கம் அவர்களில் பலருக்கு இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றான அவருடைய லைன் வீட்டுக்குப் போய் வாசற்படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பேரன் வாசித்துக்காட்ட, பாட்டி திருப்பிச் சொன்னார். ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. மூன்று தடவை முயன்றுவிட்டுத் தாளை மடித்து வைத்தேன். "பாட்டி, உங்க கூடலூர் தங்கச்சிகிட்ட பேசுற மாதிரி பேசுங்க" என்று மட்டும் சொன்னேன். போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "நான்தான் பேசுறேன். இந்தப் படம் எடுத்த புள்ளைங்க என்னையும் பஸ்ஸுல ஒக்கார வச்சு எடுத்திருக்குதுங்க. பொய் சொல்லல, நம்ம கதைதான் அது. நாளைக்கு வேலையில்ல இல்ல, எல்லாரும் வாங்க. நானும் வாரேன். முடிஞ்சதும் டவுன்ல டீ வாங்கித் தாரேன்." நடுவில் உள்ளே குக்கர் விசில் அடித்தது. எடிட்டர் புத்தி, அந்தச் சத்தத்தை எடுத்துவிடலாமா என்று கை பரபரத்தது. அப்படியே விட்டேன். அந்த விசில் இருந்ததால்தான் அது விளம்பரம் இல்லை, பாட்டி தன் வீட்டிலிருந்து கூப்பிடுகிறார் என்பது கேட்டவர்களுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடலூரிலிருந்து ஒரு வேன் பிடித்து வந்தார்கள். ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. ஹட்டனிலிருந்து ஒரு அம்மா பதில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அக்கா, ஒங்க சத்தத்தக் கேட்டு எத்தன வருசமாச்சு" என்று தொடங்கி, படத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் முடிந்தது. பாட்டி அதை எனக்கு நாலு தடவை போட்டுக் காட்டினார். அந்த அம்மாவால் படத்தைப் பார்க்க முடியாது, டிக்கெட் வாங்க முடியாது. இருந்தாலும் நாங்கள் செய்த வேலைகளில் எனக்கு நிறைவு தந்தது அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

வாய்ஸ் மெசேஜ் இங்கே எடுபட்டதற்குச் சிக்னலும் ஒரு காரணம். பல ஊர்களில் குறிப்பிட்ட ஒரு வளைவில், ஒரு மரத்தடியில் நின்றால்தான் நெட் கிடைக்கும். 60 எம்பி டிரெய்லரை அனுப்பினால் அது வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். 40 விநாடி வாய்ஸ் போய்விடும். அதன் பிறகு எந்த வீடியோவையும் 8 எம்பிக்குள் குறைத்த ஒரு பிரதி தனியாக வைத்துக்கொண்டேன். நேரமும் முக்கியம். கொழுந்து பறிக்கிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது போனை எடுப்பார்கள், அப்புறம் சாயங்காலம் இலை எடை போடக் காத்திருக்கும்போது. நான் அதுவரை ராத்திரி 9 மணிக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 12.30-க்கும் 4.30-க்கும் மாற்றினேன். பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்களுக்காக எல்லா வீடியோவிலும் வசனத்தைத் தமிழில் எழுத்தாகவும் போட்டேன். அந்த எழுத்தைத் திரையின் அடியில் வைக்காதீர்கள், இன்ஸ்டாகிராமின் பெயரும் கேப்ஷனும் வந்து மறைத்துவிடும். நடுவுக்குக் கொஞ்சம் கீழே வைக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்களுக்குத்தான் ஃபார்வர்டு செய்ய முடியும், 2018-லிருந்து இந்தியாவில் அப்படித்தான். பலமுறை ஃபார்வர்டு ஆகிவிட்ட செய்தி என்றால் 2020-லிருந்து ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டும். தவிர, "பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது" என்ற குறியைப் பார்த்தாலே மக்கள் சந்தேகப்படுகிறார்கள். அதனால் ஒரே வாய்ஸை எல்லா இடத்துக்கும் தள்ளவில்லை. நடித்தவர்களில் எட்டுப் பேர் அவரவர் குரலில், அவரவர் சொந்தக்காரர்களுக்குப் பேசி அனுப்பினார்கள். டிரைவராக நடித்தவர் நீலகிரியின் படுகர் சமூகத்தவர். அவர் தன் ஹட்டிக்காரர்களுக்கு, அதாவது தன் ஊர்க்காரர்களுக்கு, படுகு மொழியிலேயே பேசினார். படுகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழா முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது, திருவிழாவுக்காகத் தொடங்கிய குரூப்கள் எல்லாம் இன்னும் சுறுசுறுப்பாக இருந்தன. அது தானாக அமைந்தது. அடுத்த தடவை திட்டமிட்டே அப்படிச் செய்வோம்.

இரண்டாவது வாரம் ஒரு சிக்கல். பாட்டியின் பேரன் தியேட்டரில் உட்கார்ந்து, பாட்டி வருகிற கடைசிக் காட்சி முழுவதையும் போனில் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். கிட்டத்தட்ட மூன்று நிமிடம், படத்தின் முடிவு மொத்தமும். 2023-ல் திருத்திய சட்டப்படி தியேட்டரில் படத்தைப் பதிவு செய்தால் மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, குறைந்தது 3 லட்ச ரூபாய் அபராதம். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் போய்ப் பேசினேன். "அக்கா, எங்க பாட்டிய திரையில பார்த்தேன்ல, எல்லாருக்கும் காட்டணும்னு இருந்துச்சு" என்றான். அவனிடம் காட்டுவதற்கு வேறு என்ன கொடுத்திருந்தோம் நாங்கள்? டிரெய்லரில் பாட்டியின் முகம் ஒரு விநாடிகூட இல்லை. அன்றே பாட்டி வருகிற, கதையைச் சொல்லிவிடாத ஒரு 25 விநாடித் துண்டை வெட்டி, அவன் பெயரைக் குறிப்பிட்டு அனுப்பினேன். பழையதை எடுத்துவிட்டு இதை வைத்தான், ஒரு வாரம் அதையே தினமும் வைத்தான். அப்புறம் நடித்த ஒவ்வொருவருக்கும், பஸ்ஸைக் கொடுத்து உதவியவருக்கும், மெஸ் வைத்து சாப்பாடு போட்ட அம்மாவுக்கும்கூட ஒரு துண்டு தயார் செய்தேன். மெஸ் அம்மா கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் போனை எடுத்துக் காட்டினார். இந்த வேலையை ரிலீஸுக்கு முன்னாலேயே முடித்திருக்க வேண்டும்.

விளம்பரப் பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 15,000 ரூபாய் ஒரு சுற்றுலாப் பக்கத்துக்குக் கொடுத்தோம். பணம் வாங்கிப் போடுவது என்றால் அது விளம்பரம் என்று தெரிகிற மாதிரி குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நாங்கள் அதை வற்புறுத்தினோம், அந்தப் பக்கத்துக்காரர் மனசில்லாமல் போட்டார். பலன் அந்தப் பனிமூட்ட ரீலைப் போலத்தான், வெளியூர் ஆட்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் நாங்களே நாளைக்கு 200 ரூபாய் போட்டு ஓட்டிய விளம்பரம் அதைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் வரைபடத்தில் வட்டம் போடும்போது பார்த்துப் போட வேண்டும். ஊட்டியை நடுவில் வைத்து 40 கிலோமீட்டர் என்று கொடுத்தால் அது காகம் பறக்கிற தூரம். மேட்டுப்பாளையமும் கேரளப் பக்கமும் கர்நாடகக் காடும் உள்ளே வந்துவிடும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று தனித்தனியாகப் பின் குத்தி, ஒவ்வொன்றுக்கும் சின்ன வட்டமாகப் போட்டேன். ஃபேஸ்புக்கை இளைஞர்கள் விட்டுவிட்டார்கள் என்று நானும் ஒதுக்கியிருந்தேன். ஆனால் இங்கே ரிட்டயரான ஆசிரியர்கள், ராணுவத்தில் இருந்து வந்தவர்கள் எல்லாம் அதில்தான் இருக்கிறார்கள். குடும்பத்தோடு வந்து ஐந்தாறு டிக்கெட் எடுத்தவர்கள் அவர்கள்தான்.

இனி, நான் வருத்தப்படுகிற ஒன்று. அந்தப் பனிமூட்ட ரீலில் லொக்கேஷன் கேட்டவர்களுக்கெல்லாம் உற்சாகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். லைன் வீடுகள் இருக்கிற இடத்தின் பெயரையும் ஒரு கமென்டில் எழுதிவிட்டேன். இரண்டாவது வாரக் கடைசியில் காரில் நாலு பையன்கள் போய் இறங்கி, பாட்டி வீட்டு வாசலில் நின்று செல்ஃபி எடுத்து, தோட்டத்துக்கு மேல் ட்ரோன் விட்டிருக்கிறார்கள். குளித்துவிட்டு வந்த பெண்கள் வீட்டுக்குள் ஓடியிருக்கிறார்கள். தோட்டத்து நிர்வாகம் பாட்டியின் மகனைக் கூப்பிட்டு விசாரித்தது. இப்படி நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2023-ல் முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் எடுத்த ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்ததும் அங்கே கூட்டம் குவிந்ததைப் பக்கத்து ஊரில் இருந்து பார்த்தவள் நான். 2024-ல் ஒரு மலையாளப் படம் ஓடியபோது கொடைக்கானல் குணா குகைக்கும் அதேதான் நடந்தது. அன்றே எல்லாப் பதிவிலும் இடத்தின் பெயரை எடுத்தேன், கமென்டை அழித்தேன், பாட்டியிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எங்கள் விதி இது: தியேட்டரின் இடத்தை ஆயிரம் தடவை சொல்வோம், ஆட்கள் வாழ்கிற இடத்தைச் சொல்ல மாட்டோம். நடித்தவர்களின் முகத்தை எந்தப் பதிவில் போடுகிறோம் என்பதையும் போடுவதற்கு முன்னால் அவர்களிடமே காட்டிவிடுகிறோம். "வேண்டாம்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். போடவில்லை.

2024 நவம்பரில் தமிழ்ப் படத் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, தியேட்டர் வளாகத்தில் யூடியூப் சேனல்கள் ரசிகர் கருத்து எடுப்பதை அனுமதிக்கக்கூடாது என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. பெரிய படங்களுக்கு முதல் நாள் காலையிலேயே வருகிற அடி எனக்குப் புரிகிறது. எங்கள் நிலைமை நேர் எதிர். பேச ஒரு ஆள் கிடைக்காதா என்றுதான் வாசலில் நின்றோம். இடைவேளையில் அல்ல, படம் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கூடவே நடந்து கேட்டேன். பிடிக்காததையும் கேட்டு அப்படியே போட்டேன். ஒரு கல்லூரி மாணவி, "ரெண்டாவது பாதி கொஞ்சம் இழுக்குது, ஆனா அம்மா கேரக்டர் எங்கம்மா மாதிரியே இருந்துச்சு" என்றாள். அண்ணன் அவள் சொன்ன குறையை வெட்டிவிட்டுப் போடச் சொன்னார். முழுசாகவே போட்டேன். அந்த வீடியோவுக்குக் கீழேதான் "நாளைக்கு என் அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்" என்று பலர் எழுதினார்கள்.

வைரலானால் போதும் என்று நினைக்கிற நண்பர்களிடம் நான் சொல்வது கொடைக்கானல் கதை. 2015-ல் அங்கே தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரச மாசு பற்றி ஒரு ராப் வீடியோ வந்து உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த வருடம் மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உதவித்தொகை தர ஒப்பந்தம் ஆனது. ஆனால் அந்தத் தொழிற்சாலை 2001-லேயே மூடியாகிவிட்டது. நடுவில் அத்தனை வருடமும் அந்தத் தொழிலாளர்கள் ஆவணங்களைச் சேர்த்து, வழக்கு நடத்தி, சங்கமாக நின்றிருந்தார்கள். வீடியோ பார்த்துவிட்டு வந்தவர்களின் கையில் கொடுப்பதற்கு அவர்களிடம் ஒரு கோரிக்கை தயாராக இருந்தது. எங்கள் பனிமூட்ட ரீலைப் பார்த்துவிட்டு வந்த 4 லட்சம் பேரின் கையில் கொடுக்க எங்களிடம் ஒன்றுமே இல்லை.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை படத்தை எடுத்தார்கள். அதற்குள் ஒரு நோட்டில் 340 போன் எண்கள் சேர்ந்திருந்தன. படம் முடிந்து வெளியே வருகிறவர்களிடம், "அடுத்த படம் வரும்போது சொல்லலாமா?" என்று கேட்டு, சரி என்றவர்களிடம் மட்டும் வாங்கியவை. வாட்ஸ்அப்பில் பலருக்கு ஒரே நேரத்தில் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பினால் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போகும். அதனால் அங்கேயே நின்று என் எண்ணை அவர்கள் போனில் சேமிக்க வைத்தேன். சிலர் ‘பஸ் படம் பொண்ணு’ என்று சேமித்துக்கொண்டார்கள்.

போன மாதம் கூடலூரில் ஒரு குழு தங்கள் படத்துக்காக அந்த எண்களைக் கேட்டது. நல்ல பையன்கள், படமும் நன்றாக இருக்கிறது என்று கேள்வி. எண்களைக் கொடுக்கவில்லை. எனக்கு நம்பிக் கொடுத்தவர்கள் அவர்கள். படத்தைப் பார்த்துவிட்டு நானே என் குரலில் பேசி அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். காட்சி எத்தனை மணிக்கு முடிகிறது, கூடலூர் பஸ் ஸ்டாண்டில் அதற்குப் பிறகு எந்தெந்த ஊருக்கு என்ன பஸ் என்று மட்டும் அவர்கள் எழுதிக்கொண்டு வர வேண்டும்.